மீற்றர் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள்: வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றில் நடந்த சக்தி வகுப்பு

"மின்சாரத்தைச் சேமிப்போம்" என்ற தலைப்பில் நம்முடைய பிள்ளைகள் வரையும் சித்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏறக்குறைய எல்லாம் ஒரே சித்திரம்தான். அழுகிற பூமிப்பந்து, சிரிக்கிற மின்குமிழ், பக்கத்தில் ஒரு பச்சை மரம். போட்டி முடியும், சான்றிதழ் கிடைக்கும், வீட்டுக் கறண்ட் பில்லில் ஒரு சதமும் குறையாது. பிள்ளைகளில் பிழை சொல்ல முடியாது. எவ்வளவு போகிறது, எதில் போகிறது என்று தெரியாத ஒன்றை எப்படிச் சேமிப்பது?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் நடந்த வகுப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. காலையில் பெரியவர்கள் உதயன், வலம்புரிப் பத்திரிகைகள் படிக்கிற மண்டபம் அது. சனிக்கிழமை பின்னேரங்களில் தரம் 6 முதல் 8 வரையான இருபது பிள்ளைகள் அளவில் வந்தார்கள். கற்பித்தவர் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் "சேர்". நான் நிலையத்தின் நிருவாக சபையில் இருப்பவன். நடந்ததைக் குறித்து வைப்பது என் வேலையாக இருந்தது. ரியூசன் நேரத்தோடு மோதாத ஒரு மணித்தியாலத்தை யாழ்ப்பாணத்தில் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அந்தக் கதையை இங்கே விட்டுவிடுகிறேன். வேறு ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேர் முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார். "சேமிக்க வேண்டும்" என்ற சொல்லை வகுப்பில் யாரும் பாவிக்கக் கூடாது, அவர் உட்பட. முதலில் அளப்போம், அளந்த பிறகு என்ன செய்வது என்று பிள்ளைகளே சொல்லட்டும் என்றார்.

சிவப்பு வெளிச்சம்

வீட்டு மின்மானியை நாங்கள் மாதத்தில் ஒரு தடவைதான் நினைக்கிறோம், அதுவும் மீற்றர் வாசிப்பவர் வந்து படலையைத் தட்டும்போது. இப்போதைய இலக்க மீற்றர்களின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு மின்னும். பக்கத்திலேயே, ஓர் அலகு மின்சாரத்துக்கு அது எத்தனை தடவை மின்னும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மீற்றருக்கு மீற்றர் இந்த எண் வேறுபடும். எங்கள் நிலையத்து மீற்றரில் அது 1600. பழைய மீற்றர் உள்ள வீடுகளில் வெளிச்சத்துக்குப் பதிலாக ஒரு தட்டுச் சுற்றும். அதன் விளிம்பில் உள்ள கறுப்பு அடையாளத்தை எண்ணலாம்.

முதல் வகுப்பு முழுவதும் இந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே போனது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு 9 வாற்று எல்ஈடி பல்ப்பை மட்டும் போட்டார்கள். மீற்றர் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "சேர், இது பழுது" என்றான் ஒருவன். நாலு நிமிடம் கழித்து ஒரு மின்னல். பிறகு கூரை மின்விசிறி: அரை நிமிடத்துக்கு ஒன்று. பிறகு தேநீர் போடுகிற கறண்ட் கேத்தில். நிமிடத்துக்கு 40 மின்னல். எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை சரியாக எண்ணினாள்.

சூத்திரத்தைச் சேர் அதற்குப் பிறகுதான் எழுதினார். ஓர் அலகு என்பது 1000 வாற்று மணி. 1600 மின்னல் ஓர் அலகு என்றால், ஒரு மின்னல் 1000 வாற்று மணியை 1600ஆல் பிரித்தது, அதாவது 0.625 வாற்று மணி. யூலில் சொன்னால் 2250 யூல். ஓர் அலகு முழுவதும் 36 இலட்சம் யூல். தரம் 8 பிள்ளைகளுக்கு இது வெறும் பெருக்கலும் பிரித்தலும்தான். ஆனால் கேத்தில் கொதிக்கிற நேரத்தில் தானே எண்ணி, தானே பிரித்து, கிட்டத்தட்ட 1500 வாற்று என்று விடை கண்டு, கேத்திலைத் திருப்பிப் பார்த்து அடியில் அதே எண் இருந்ததைக் கண்டபோது அந்தப் பிள்ளை போட்ட சத்தத்தில், பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்துவிட்டார்.

இந்த ஒரு மணித்தியாலத்திலேயே போஸ்ரர்களின் சிரிக்கிற மின்குமிழ் ஓரத்துக்குப் போய்விட்டது. எல்ஈடி வந்த பிறகு, லைற்றை அணை என்று பிள்ளைகளைத் துரத்துவதில் பெரிய இலாபம் இல்லை. 60 வாற்றுக் குண்டு பல்ப் இருந்த காலத்து அறிவுரையை நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அணைப்பது நல்ல பழக்கம்தான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குச் சக்தியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிற முதல் விடயமும் கடைசி விடயமும் அதுவாகவே இருப்பது சரியில்லை.

கிணற்றடியில் ஒரு பின்னேரம்

ஓர் அலகு எவ்வளவு பெரியது என்பது பில்லைப் பார்த்து விளங்காது. உடம்புக்கு விளங்க வேண்டும் என்று சேர் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நிலையத்துக் கிணற்றில் தண்ணீர் ஆறு மீற்றர் கீழே கிடந்தது. 10 லீற்றர் வாளி. ஒவ்வொருவராக அள்ளினார்கள். ஒரு வாளியை மேலே கொண்டுவரச் செய்கிற வேலை 10 கிலோவை 9.8ஆலும் 6ஆலும் பெருக்கினால் வருவது: 588 யூல். அப்படியானால் ஓர் அலகுக்கு எத்தனை வாளி? கணக்குப் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆறாயிரத்துக்கு மேல்.

"ஆறாயிரம் வாளி அள்ளினா எவ்வளவு தருவாங்கள் சேர்?"

"மின்சார சபை வாங்கிற விலைக்குக் கேக்கிறியோ, கூலிக்காரர் வாங்கிற விலைக்குக் கேக்கிறியோ?"

இந்தக் கேள்வியில்தான், முந்திக் கிணற்றில் தண்ணீர் இறைத்த நீண்ட மரமான துலா வந்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் துலா மிதித்ததைக் கண்டதில்லை. கிணற்றடியில் தனியே நிற்கிற, துலாவைத் தாங்கிய பழைய ஆடுகாலைச் சிலர் கண்டிருக்கிறார்கள், அது எதற்கென்று தெரியாமலே. பெரியவர் ஒருவர் விளக்கினார். துலாவின் மேல் ஆட்கள் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் திருப்ப, விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்வரை புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பார்களாம். தொடர்ந்து வேலை செய்கிற ஒரு மனிதனின் வலு சுமார் 75 வாற்று. எட்டு மணித்தியாலம் மிதித்தாலும் 0.6 அலகுதான். ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பு ஓர் அலகு கூட இல்லை என்பதைப் பிள்ளைகள் நம்பவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

"அப்ப கறண்ட் சரியான மலிவு" என்றான் முதலில் மீற்றர் பழுது என்று சொன்னவன். அவன் சொன்னது உண்மை. மனித உழைப்போடு பார்த்தால் மின்சாரம் நம்ப முடியாத மலிவு. வீணாவதும் அதனால்தான், எவருக்கும் முதுகு நோகவில்லையே. ஒரு சேமிப்புப் பிரசாரத்தில் இதை யாரும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். மின்சாரம் விலை கூடியது என்று மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

அடுத்தது மோட்டர். நிலையத்து மோட்டர் மீற்றரை நிமிடத்துக்கு 27 தடவை மின்ன வைத்தது, அதாவது 1000 வாற்று அளவு. கூரைக்கு மேல் உள்ள 1000 லீற்றர் தாங்கி நிரம்ப 25 நிமிடம் எடுத்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து தாங்கியின் வாய் வரை 12 மீற்றர். அவ்வளவு தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்க உண்மையில் வேண்டியது 117,600 யூல். மோட்டர் எடுத்ததோ 15 இலட்சம் யூல். பத்தில் ஒரு பங்கு கூடத் தண்ணீருக்குப் போகவில்லை. மிச்சம் எங்கே?

சேர் விடை சொல்லாமல் அடுத்த சனிக்கிழமை வரை விட்டுவிட்டார். பிள்ளைகள் கொண்டுவந்த விடைகள்: மோட்டர் சுடுகிறது, மோட்டர் சத்தம் போடுகிறது, பைப் ஒடுக்கம், வளைவு கூட, குழாயின் அடியில் தண்ணீரைத் தாங்கி வைக்கிற புட்வால்வ் பிடிக்காததால் முதல் இரண்டு நிமிடம் தண்ணீரே ஏறுவதில்லை. எல்லாமே சரி. மேசன் வேலை செய்கிற தகப்பன் ஒருவர் மகன் மூலம் சொல்லி அனுப்பினார்: இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு பெரிய மோட்டரே தேவையில்லை. அதுவும் சரி. சக்தி அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்ற விதியைப் பத்துத் தடவை எழுதிப் பாடமாக்கியவர்கள், அது எங்கே வெப்பமாகப் போய்க் காணாமல் போகிறது என்று கேட்டது அன்றைக்குத்தான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு சின்னக் கணக்கு எல்லா வீட்டுக்கும் போனது. தாங்கி நிரம்பி 10 நிமிடம் வழிந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் போகிற மின்சாரத்துக்கு ஒரு 9 வாற்று பல்ப்பைப் பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரிக்கலாம். லைற்றை அணைக்கவில்லை என்று பிள்ளையைப் பேசிவிட்டு, தாங்கி வழிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரீவி பார்க்கிற பெரியவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். வழிகிற தண்ணீரும் நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் மழை விட்டுப்போன தண்ணீர்தான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை.

எல்லாரும் நித்திரையான பிறகு

வீட்டுப் பயிற்சி இது: இரவு படுக்கப் போகும்போது எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் மீற்றரைப் பாருங்கோ. தொட வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம், ஈரக் கையோடு எந்தச் சுவிச்சுக்கும் கிட்டப் போக வேண்டாம், கிணற்றடி மோட்டரைச் செருப்பில்லாமல் போடவே வேண்டாம். பார்க்க மட்டும்.

வந்த குறிப்புகளில் ஒன்று: "ஆள் இல்லாத நேரத்திலயும் மீற்றர் ஓடுது." ரீவி அணைந்திருக்கிறது, ஆனால் அதன் பக்கத்துப் பெட்டி விழித்திருக்கிறது. வைபை ரவுட்டர் விழித்திருக்கிறது. 10 வாற்று ரவுட்டர் ஒன்று நாள் முழுக்க எரிந்தால் மாதம் 7.2 அலகு. குளிர்சாதனப்பெட்டியைச் சொல்லத் தேவையில்லை. சாதாரண வீட்டில் பெரிய பங்கு அதற்குத்தான். கொம்பிரசர் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று ஒரு பிள்ளை பின்னேரம் முழுக்க எழுதியிருந்தாள். அவள் வீட்டில் அது நிற்பதே அரிது. அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்ட வைத்திருந்தார்கள். பின்பக்கத்தால் வெளியே வர வேண்டிய வெப்பத்துக்கு வழியில்லை. தள்ளி வைத்த பிறகு நிற்கத் தொடங்கியதாம். கதவு ரப்பரில் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்து மூடி இழுத்துப் பார்க்கிற சோதனையும் எல்லாரும் செய்தார்கள். இலகுவாக வழுக்கி வந்தால் குளிரும் அந்த வழியால்தான் போகிறது.

ரவுட்டர் விடயம் சண்டையில் முடிந்தது. இரவு பத்து மணிக்கு அணைக்கலாம் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பா வேலைக்குப் போகமுன் எடுப்பது அந்த நேரத்தில்தான். இதற்குச் சேர் என்ன சொன்னார் தெரியுமோ? "7 அலகுக்குப் பெரியப்பாவோட கதைக்கலாம் எண்டால் அது நல்ல பாவனை. விடு." எனக்கு அது சரியான பதிலாகப் பட்டது. எதற்காகச் செலவாகிறது என்று தெரிந்து செலவழிப்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதான்.

60 என்ற எண்

பெற்றோரை வகுப்புக்குள் இழுத்துக்கொண்டு வந்தது யூலும் இல்லை, துலாவும் இல்லை, பில். எங்கள் வீட்டு மின் கட்டணம் படிப்படியாகக் கூடுகிற முறை என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, 60இல் இருக்கிற பள்ளம். மாதப் பாவனை 60 அலகுக்குள் நின்றால் ஒரு கட்டண அட்டவணை. 60ஐத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டும் இல்லாமல் முதலாவது அலகிலிருந்தே வேறு அட்டவணை, நிலையான கட்டணமும் கூட. கட்டண வீதம் இடைக்கிடை மாறுகிறது. ஆனால் இந்த அமைப்பு நிற்கிறது. 58 அலகு வீட்டுக்கும் 62 அலகு வீட்டுக்கும் இடையில் பாவனையில் பெரிய வித்தியாசம் இல்லை, பில்லில் உண்டு.

30 நாளுக்கு 60 என்றால் ஒரு நாளைக்கு 2. இதைவிட இலகுவான கணக்கு ஒரு பிள்ளைக்குத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் மீற்றர் எண்ணை எழுதி, நேற்றைய எண்ணைக் கழித்தால் போதும். 2க்கு மேல் என்றால் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம். அயன் பண்ணினோம், தாங்கி வழிந்தது, விருந்தினர் வந்தார்கள். தாய்மார் சிலர் பிள்ளையின் கொப்பியைத் தாங்களே வாங்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். 60க்குக் கொஞ்சம் மேலே நின்ற வீடுகளில் சில கீழே இறங்கின. 100க்கு மேலே நின்ற வீடுகளில் இதனால் பெரிய மாற்றம் இல்லை. அங்கே குளிரூட்டியும் வெந்நீர்க் குழாயும் இருக்கும்போது ஒரு பிள்ளையின் கொப்பி என்ன செய்யும்? நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து மாமி குடும்பம் வந்து இறங்கிய ஒரு வீட்டில் எண்ணிக்கை எகிறிப் போனது. அந்தப் பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்களின் தொகையால் பிரித்து, ஆளுக்கு உண்மையில் குறைந்திருக்கிறது என்று காட்டினாள்.

ஆனால் இதே எண்கள் ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தன. வீடுகளின் நாட்பாவனையைக் கரும்பலகையில் வரிசைப்படுத்தியபோது மிகக் குறைந்த எண் ஒரு தரம் 6 பிள்ளையுடையது. மற்றவர்கள் கைதட்டினார்கள். அவள் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த சினேகிதி மெதுவாகச் சொன்னாள், "அவையட வீட்டில ரெண்டு பல்ப்பும் ஒரு ஃபானும்தான் சேர்." அந்த வரிசை அன்றைக்கே அழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு ஒப்பிடவில்லை. ஒரு கருவியை இன்னொரு கருவியோடு, ஒரு வீட்டின் இந்த வாரத்தை அதே வீட்டின் போன வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டார்கள்.

எந்தச் சக்தி வகுப்புக்கும் இது முக்கியமான விடயம் என்று நினைக்கிறேன். மாதம் 25 அலகு பாவிக்கிற வீட்டுக்குச் சேமிப்புப் பாடம் நடத்துவது அநியாயம். அந்த வீட்டுக்குத் தேவை இன்னும் கொஞ்சம் மின்சாரம்: பிள்ளை படிக்க நல்ல வெளிச்சம், பால் கெடாமல் இருக்க ஒரு குளிர்சாதனப்பெட்டி. சேர் இதை ஒளித்துப் பேசவில்லை. நல்ல குளிர்சாதனப்பெட்டி ஒன்று வந்தால் அந்த வீட்டுப் பில் எவ்வளவு கூடும், அப்போதும் 60க்குள் நிற்க முடியுமா என்று வகுப்பே சேர்ந்து கணக்குப் போட்டது. நாளுக்கு ஓர் அலகு என்று வைத்தாலும் முடியும். அந்தப் பிள்ளை அந்தக் கணக்கைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள்.

கறண்ட் இல்லாத காலம்

பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்ன பயிற்சியில் வந்த பக்கங்கள்தான் இந்த வகுப்பில் மிகத் தடித்தவை. 1990களில் குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் வைத்துச் செய்த விளக்கைச் சுற்றி முழு வீடும் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் இழுத்து எழுப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின.

டைனமோ கதையைச் சேர் விடவில்லை. ஒரு பழைய டைனமோவைத் தேடிக் கொண்டுவந்தார். நன்றாக மிதித்தால் 3 வாற்று. றேடியோவுக்குக் காணும். ஓர் அலகு எடுக்க 333 மணித்தியாலம் மிதிக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணித்தியாலமாக நாற்பது நாளுக்கும் மேலே. விளக்கைச் செருகியதும் பெடல் பாரமாவதைப் பிள்ளைகள் காலில் உணர்ந்தார்கள். மின்சாரம் எடுக்க எடுக்க அதைச் சுற்றுகிறவனுக்குப் பாரம் கூடும் என்பது அதோடு விளங்கிவிட்டது. நுரைச்சோலையில் நிலக்கரி சுற்றுகிறது, மன்னாரில் காற்றுச் சுற்றுகிறது, மலைநாட்டில் நீர் சுற்றுகிறது. சுற்றுகிற ஏதோ ஒன்றுக்குப் பாரமாகிறது.

பெரியவர்கள் இந்தக் காலத்தைப் பேசும்போது ஒரு பெருமை வந்து ஒட்டிக்கொள்ளும். "நாங்கள் விளக்கில படிச்சு வந்தனாங்கள், உங்களுக்கு ஃபான் இல்லாமல் இருக்க ஏலாது." இது பிள்ளைகளுக்கு ஒன்றையும் கற்பிப்பதில்லை, வாயைத்தான் மூட வைக்கிறது. ஓர் அம்மம்மா மட்டும் பேத்தியைத் திருத்தி அனுப்பியிருந்தார்: "அதைப் பெருமையா எழுதிப்போடாதை பிள்ளை. அந்தப் புகையில கண்ணெரிஞ்சு கொம்மா எத்தினை இரவு அழுதவள் எண்டு அவளைக் கேள்." அந்த வரியை அவள் அப்படியே வாசித்தாள். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததைப் பிள்ளைகள் தாங்களே நினைவில் வைத்திருந்தார்கள். அப்போது சின்னவர்கள் என்றாலும் நுளம்பும் வெக்கையும் மறக்கவில்லை.

மதிலுக்கு வெளியே

சுன்னாகத்துப் பிள்ளைகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை. இங்கத்தைய மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கலந்த கிணறுகளின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சுவிச்சைப் போடும்போது வேறெங்கோ ஒருவருடைய கிணறும் அந்தச் சுற்றில் இருக்கலாம் என்பதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சேர் இதைச் சுருக்கமாகவே சொன்னார். வீட்டில் இன்னும் பவுசர் தண்ணீர் ஞாபகம் இருக்கிற பிள்ளைகள் இருந்தார்கள்.

குரங்குக் கதைக்கோ முழு வகுப்பும் உயிர்பெற்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் நின்றது. ஒரு குரங்கால் எப்படி முழு இலங்கையும் இருளும்? ஞாயிறு பகல், தேவை குறைவு, கூரைச் சோலரிலிருந்து வருவது அதிகம், அந்த நேரத்தில் பெரிய சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஓர் அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்க வலைப்பின்னலில் பாரமான சுழற்சி போதவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது.

"வெயில் கறண்ட் இலவசம்தானே, ஏன் சேர் நிப்பாட்டச் சொல்லுறாங்கள்?"

இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே குரங்கு வந்தது என்று சொல்லலாம். உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹேர்ட்ஸ் குழம்பும். பகலில் மிச்சம், பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை பற்றாக்குறை. எல்லா வீட்டிலும் லைற், ரீவி, சமையல், மோட்டர், அயன் எல்லாம் ஒன்றாகப் போகிற நேரம் அதுதான். எண்ணெயில் ஓடுகிற, செலவு கூடிய நிலையங்கள் அந்த நேரத்துக்காகவே எழுப்பப்படுகின்றன. அப்படியானால் மோட்டரை இரவு ஏழு மணிக்குப் போடாமல் மத்தியானம் போடலாமே என்று பிள்ளைகளே சொன்னார்கள். ஒரு தகப்பன் கேட்டார், அதால் எனக்கென்ன இலாபம்? சேர் மழுப்பவில்லை. படிப்படியாகக் கூடுகிற இந்த வீட்டுக் கட்டண முறையில் உங்கள் பில்லில் ஒரு சதமும் குறையாது, சுன்னாகத்தில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமாகும் என்றார். தகப்பன் யோசித்துவிட்டு, சரி, மத்தியானம் வீட்டில் ஆள் நிற்கிற நாட்களில் போடுகிறோம் என்றார்.

நின்றதும் நிற்காததும்

சில மாதங்களுக்குப் பிறகு வீடுகளில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தோம். தாங்கி வழிவது பெரும்பாலும் நின்றுவிட்டது. நிரம்ப எத்தனை நிமிடம் என்று அளந்து, போனில் அலாரம் வைக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டில், தாங்கி நிரம்பியதும் மோட்டரை நிறுத்துகிற மிதவைச் சுவிச்சே பூட்டிவிட்டார்கள். குளிர்சாதனப்பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தவர்கள் திரும்ப ஒட்ட வைக்கவில்லை. ஒரு தடவை செய்துவிட்டால் மறக்க முடியாத வேலைகள் நின்றன என்று சொல்லலாம்.

ஒவ்வொரு நாளும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியவை உதிர்ந்தன. நாளாந்தக் குறிப்பு சிலரிடம்தான் தொடர்கிறது. கிழமைக்கு ஒரு தடவை சேர்த்து அயன் பண்ணுவது என்ற யோசனை ஆரம்பத்திலேயே விழுந்தது, காரணம் சோம்பல் இல்லை. பாடசாலைச் சீருடை வெள்ளை. பல பிள்ளைகளிடம் இரண்டு சோடிதான். இன்றைக்குப் போட்டதை இன்றைக்கே தோய்த்து நாளை மறுநாளுக்கு அயன் பண்ணினால்தான் ஆகும். ஐந்து சோடி உள்ள வீட்டை நினைத்து எழுதப்பட்ட அறிவுரை அது. மாலை நாடக நேரத்தில் ரீவியை நிறுத்துவது பற்றி எந்தப் பிள்ளையும் வீட்டில் வாய் திறக்கவே இல்லை, அது புத்திசாலித்தனம்.

இதைத் தங்கள் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு, பெரிய காசு தேவையில்லை. ஒரு மீற்றர், மணிக்கூடு, ஆளுக்கு ஒரு கொப்பி, ஒரு பழைய டைனமோ, ஒரு கிணறு. மீற்றரின் எண் எவ்வளவு என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், 1600 என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால் பாதி வீடுகளின் கணக்குப் பிழைக்கும். பில் வருகிற திகதியை ஒட்டி வகுப்பை வையுங்கள். சித்திரப் போட்டியை வேண்டுமானால் கடைசியில் வைக்கலாம். எங்கள் பிள்ளைகள் கடைசியில் வரைந்தபோது பூமிப்பந்து வரவில்லை, வழிகிற தாங்கியும் சுவரோடு ஒட்டிய குளிர்சாதனப்பெட்டியும் வந்தன.

அடுத்த தொகுதிக்கு அடுப்பு எடுப்பதாக இருக்கிறோம். ஐந்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகு எவ்வளவு, காஸ் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று அளக்கும் திட்டம். இரண்டு பிள்ளைகள் இப்போதே வீட்டில் விறகு நிறுக்கத் தொடங்கிவிட்டார்கள். காஸுக்கும் கறண்டுக்கும் விலை போடுவது இலகு. வளவில் சும்மா விழுகிற பன்னாடைக்கும் பனம்மட்டைக்கும் விலை பூச்சியமா, அதைப் பொறுக்கிக் கட்டிச் சுமந்துவந்த அம்மம்மாவின் நேரத்தையும் சேர்ப்பதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சேர் இன்னும் பக்கம் சேரவில்லை.